முற்றம் சமன்செய்தல்

முற்றம் சமன்செய்தல் என்பது வீட்டைச் சுற்றியுள்ள மேடுபள்ளமான மண்தரையை வெட்டியும் நிரப்பியும் இடித்தும் சீராக்கும் வேலை. பொக்லைன் நுழைய முடியாத சந்துகளிலும் சிறிய மனைகளிலும் இது இன்றும் கைக்கருவிகளால்தான் நடக்கிறது. தரை முழுவதும் ஒரே மட்டமாக இருந்தால் மழைநீர் வடிய வழியின்றி நின்றுவிடும். ஆகவே சமன்செய்யும்போதே நீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி மெல்லிய சரிவும் கொடுக்கப்படுகிறது. கொத்தனார்கள் இதனை ‘வாட்டம்’ என்பர். வேலையின் வெற்றியும் தோல்வியும் இந்த வாட்டத்தில்தான் இருக்கின்றன.

கருவிகள்

மண்ணை வெட்ட மண்வெட்டியும், இறுகிய மேட்டையும் கற்களையும் பெயர்க்கக் கடப்பாரையும், அள்ளிச் சுமக்க இரும்புச் சட்டியும் வேண்டும். நிரப்பிய மண்ணை இடித்து இறுக்கத் திமிசுக்கட்டையும், பரப்பி இழுக்க ஆறடி நீளமுள்ள நேரான மட்டப்பலகையும் பயன்படுகின்றன. மட்டம் பார்ப்பதற்கு முளைக்குச்சி, நூல், ரசமட்டம், டியூப் லெவல் ஆகியவை போதும்.

ரசமட்டத்தை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். ஓரிடத்தில் வைத்துக் குமிழி நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் முனை மாற்றித் திருப்பி வைக்க வேண்டும். குமிழி முன்பு நின்ற இடத்திலேயே நின்றால் கருவி சரி.

மட்டம் பார்த்தல்

டியூப் லெவல் என்பது நீர் நிரப்பிய, ஒளி ஊடுருவும் நீண்ட குழாய். திறந்த இரு முனைகளிலும் நீர் ஒரே உயரத்தில் நிற்கும் என்ற இயற்பியல் விதியே இதன் அடிப்படை. ஒருவர் சுவரோரக் குச்சியில் ஒரு முனையைப் பிடித்து நிற்பார். மற்றவர் அடுத்த முனையுடன் எதிர்க்கோடிக் குச்சிக்குச் செல்வார். நீர் ஏறி இறங்கி ஆடும். ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து இரு குச்சிகளிலும் கோடு போடுவர். குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி சிக்கியிருந்தாலும் அளவு பிசகும். அதனால் முதலில் இரு முனைகளையும் அருகருகே பிடித்துச் சரிபார்ப்பது வழக்கம்.

கோடுகள் கிடைத்ததும் வாட்டம் கணக்கிடப்படும். மண்தரைக்கு 10 அடிக்கு இரண்டரை அங்குலம், அதாவது ஏறத்தாழ ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவு பொருத்தமானது. சுவரோரக் குச்சியில் கோட்டிலேயே நூலைக் கட்டி, 10 அடி தள்ளியுள்ள எதிர்க்குச்சியில் கோட்டுக்கு இரண்டரை அங்குலம் கீழே கட்டினால் அந்த நூலே தரைக்கு வழிகாட்டி. இடையில் பல இடங்களில் நூலிலிருந்து தரைவரை அளந்தால் எங்கே வெட்ட வேண்டும், எங்கே நிரப்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

வெட்டலும் நிரப்பலும்

புல்லையும் வேர்களையும் நீக்கிய பின், மேல்மண்ணைத் தனியே குவித்து வைப்பர். செடி வளர்வதற்கான உரம் அதில்தான் இருக்கிறது. கடைசியில் அதையே மேலே பரப்ப வேண்டும். மேட்டை வெட்டிய மண்ணால் பள்ளத்தை நிரப்புவதே சிக்கனம். போதாதபோது செம்மண்ணோ கிராவலோ வாங்கலாம். ஈரத்தில் உப்பிக் கோடையில் வெடிக்கும் கரிசல்மண் நிரப்புவதற்கு ஏற்றதன்று.

20 அடிக்கு 10 அடி முற்றத்தைச் சராசரி 3 அங்குலம் உயர்த்த 50 கன அடி மண் வேண்டும். இடித்தால் உதிரி மண் அமுங்கும் என்பதால் கால்பங்கு கூட்டி வாங்குவது நல்லது. தமிழ்நாட்டில் மண் யூனிட் கணக்கில் விற்கப்படுகிறது. 1 யூனிட் என்பது 100 கன அடி.

மொத்தமாகக் கொட்டி இடித்தால் மேற்பரப்பு மட்டும் இறுகும், அடி பொலபொலப்பாகவே இருக்கும். ஆகவே நான்கு முதல் ஆறு அங்குல அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் நனைத்து இடிக்க வேண்டும். ஈரப் பதத்துக்குக் கையே அளவுகோல். பிடித்த மண் உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் சேறாகப் பிதுங்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை

முற்றத்து மண் வீட்டுத் தரைமட்டத்துக்குக் குறைந்தது அரை அடி கீழே இருக்க வேண்டும். இல்லையேல் சுவரில் ஓதம் ஏறும். மரத்தின் அடித்தூரை மூடி மண் நிரப்பினால் பட்டை அழுகும், வேருக்குக் காற்று குறையும். நீர் அண்டை வீட்டுப் பக்கம் திரும்பாமல் வடிகாலையோ தோட்டத்தையோ சேர வேண்டும்.

வரலாறு

பழைய எகிப்தியர் முக்கோணச் சட்டத்தில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு மட்டம் பார்த்தனர். ரோமானியர் பயன்படுத்திய, 20 அடி நீளமுள்ள ‘கொரோபேட்ஸ்’ என்னும் மட்டக்கருவியை அக்காலக் கட்டடக்கலைஞர் விட்ருவியஸ் விவரித்துள்ளார். குமிழி மட்டத்தை 17ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மெல்கிசெதெக் தெவெனோ உருவாக்கினார். நாற்று நடுமுன் நீர் கட்டிய வயலில் பரம்படிக்கும் உழவரும் நீரைக் கொண்டே மட்டம் காண்கிறார். நீருக்கு மேல் தெரியும் மண்ணே அவருக்கு மேடு.

முற்றத்துக்கும் கடைசிச் சோதனை நீர்தான். முதல் மழை விட்டதும் நீர் தேங்கிய இடங்களில் குச்சி நட்டு, தரை உலர்ந்ததும் அவ்விடங்களை நிரப்பி இடிக்க வேண்டும். அடுத்த மழையில் குச்சியைச் சுற்றி நீர் நிற்காவிட்டால் வேலை முடிந்தது.