எடை எப்போ பார்க்கணும்? ஸ்ரீரங்கத்துத் தராசிலிருந்து நம்ம வீட்டு மெஷின் வரை

இந்த எபிசோடில் ஒரு சின்னக் கேள்வியை எடுத்துக்கலாம். உடம்பைக் குறைக்கணும்னு முடிவு பண்ணிட்டீங்க. ராத்திரி சாப்பாடு பாதியாச்சு, காலையில நடையும் ஆரம்பிச்சாச்சு. எடை எப்போ பார்க்கிறது? தினமுமா, வாரம் ஒரு தடவையா, மாசம் ஒரு தடவையா?

ஜிம்மில் ஒருத்தர் ஒண்ணு சொல்வார், இன்ஸ்டாகிராமில் இன்னொருத்தர் வேற சொல்வார். நான் டாக்டர் இல்லை, வரலாறு சொல்ற ஆள். ஆனா இந்தக் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கு. மனுஷன் தன்னைத்தானே தராசில் ஏற்றிப் பார்க்கிற பழக்கம் ரொம்பப் பழசு. அதில் ஒரு அத்தியாயம் நம்ம திருச்சிக்குப் பக்கத்திலேயே, காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கத்தில் நடந்தது. அங்கிருந்து ஆரம்பிப்போம்.

யானையோடு ஏறிய ராஜா

1251-ல் மதுரையில் பட்டத்துக்கு வந்தவர் முதலாம் சடையவர்மன் சுந்தர பாண்டியன். சோழர்களை அடக்கினார், ஹொய்சளர்களைத் தோற்கடித்தார். அந்த ஹொய்சளர்களின் தமிழ்நாட்டுத் தலைநகரம் எங்கே இருந்தது தெரியுமா? நம்ம சமயபுரத்துக்குப் பக்கத்தில், கண்ணனூரில். போரில் வந்த செல்வத்தில் பெரும் பங்கை அவர் ஸ்ரீரங்கம் கோயிலுக்குக் கொட்டினார். ரங்கநாதர் சந்நிதியின் விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அவர் கொடுத்ததையெல்லாம் வரிசையாகச் சொல்லும் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டும் ஸ்ரீரங்கத்தில் உண்டு.

அவர் செய்த தானங்களில் ஒன்று துலாபாரம். தராசின் ஒரு தட்டில் அரசர் உட்காருவார், இன்னொரு தட்டில் அவர் எடைக்குச் சமமாகப் பொன் வைப்பார்கள். அந்தப் பொன் தானமாகப் போய்விடும். மத்ஸ்ய புராணம் சொல்லும் 16 மகாதானங்களில் முதலாவது இதுதான்.

சுந்தர பாண்டியன் சாதாரணத் தராசோடு நிற்கவில்லை என்கிறது, ஸ்ரீரங்கம் கோயிலின் வரலாற்றுக் குறிப்பான கோயிலொழுகு. அது சொல்லும் கதை இது. காவிரியில் இரண்டு படகு. ஒன்றில் பட்டத்து யானைமேல் அரசர். அந்தப் படகு தண்ணீரில் எவ்வளவு ஆழம் இறங்கியதோ, அதே ஆழத்துக்கு இறங்கும் வரை இன்னொரு படகில் பொன்னும் மணியும் நிரப்பினார்கள். நடந்ததா, கூட்டிச் சொன்னதா என்று நாம் வாதாடலாம். கணக்கு மட்டும் சரி. ஆர்க்கிமிடிஸ் சொன்ன அதே தத்துவம்.

இந்தக் கதையில் ஒன்றைக் கவனிங்க. எத்தனை பலம், எத்தனை மணங்கு என்ற பேச்சே இல்லை. படகில் தண்ணீர் தொட்ட கோடுதான் கணக்கு. எதிர்த்தட்டில் எவ்வளவு போனது என்பதுதான் பெருமை. ராஜா கனமாக இருந்தால் தானமும் கனம். யாரும் அவரிடம் போய் "கொஞ்சம் குறைங்க மகாராஜா"ன்னு சொல்லியிருக்க மாட்டாங்க!

எத்தனை தடவை? அதற்கு நாள் பார்ப்பார்கள். கிரகணம், அயனம், முடிசூட்டு விழா மாதிரி அபூர்வமான நேரம் வேண்டும். முதலாம் ராஜராஜ சோழன் கும்பகோணம் பக்கத்துத் திருவிசலூரில் துலாபாரம் ஏறியது தன் 29-ம் ஆட்சியாண்டில், அதாவது 1014 வாக்கில். ஆட்சியே முடியப்போகிற நேரம். அவருக்கு எடை பார்ப்பது ஒரு வாழ்நாள் நிகழ்ச்சி.

வடக்கே இதையே முகலாயர்கள் எடுத்துக்கொண்டு, காலண்டரில் ஏற்றிவிட்டார்கள். அக்பரும் ஜஹாங்கீரும் வருஷத்துக்கு இரண்டு தடவை தராசில் ஏறினார்கள். சூரியக் கணக்கில் வரும் பிறந்தநாளுக்கு ஒரு தடவை, சந்திரக் கணக்கில் வரும் பிறந்தநாளுக்கு ஒரு தடவை. இங்கிலாந்துத் தூதர் தாமஸ் ரோ 1617-ல் மாண்டுவில் இதை நேரில் பார்த்து எழுதி வைத்திருக்கிறார்.

இந்தக் காலம் முழுக்க எடை என்றால் செழிப்பு. அதோட மிச்சம் இன்னும் நம்ம வீடுகளில் இருக்கு. லீவுக்கு ஊருக்குப் போனா அத்தை வாசலில் நின்னு கேட்கிற முதல் கேள்வி என்ன? "என்னடா, இப்படி இளைச்சுட்டே?" நீங்க மூணு மாசம் கஷ்டப்பட்டுக் குறைச்சதை அவங்க ஒரு நோய் மாதிரி பார்ப்பாங்க. அவங்க மேல தப்பில்லை. அவங்க கையில் இருப்பது பழைய தராசு.

தினமும் நாற்காலியில்

அப்போ, தானத்துக்காக இல்லாமல், உடம்பைப் புரிஞ்சுக்கறதுக்காகத் தினமும் எடை பார்க்க ஆரம்பிச்சது யார்? அதற்கு இத்தாலிக்குப் போகணும்.

ஜஹாங்கீர் தராசில் ஏறிக்கொண்டிருந்த அதே காலத்தில், பதுவா பல்கலைக்கழகத்தில் சாண்டோரியோ என்ற மருத்துவப் பேராசிரியர் இருந்தார். பிறந்தது 1561. கூரையிலிருந்து தொங்கும் ஒரு பெரிய தூக்குக்கோல், அதன் முனையில் ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்தே சாப்பிடுவார். சாப்பிடுவதற்கு முன், பின், தூங்கி எழுந்ததும், கழிவறை போய் வந்ததும் என்று எல்லாவற்றையும் நிறுத்தார். சுமார் 30 வருஷம் இப்படிச் செய்தார் என்று சொல்வார்கள். 1614-ல் அதைப் புத்தகமாகப் போட்டார்.

அவருக்கு ஒரு புதிர் கிடைத்தது. உள்ளே போன சாப்பாடும் தண்ணீரும் 8 பவுண்டு என்றால், கழிவாக வெளியே வருவது அதில் பாதிகூட இல்லை. மிச்சம், சுமார் 5 பவுண்டு, கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்பு ஆவியாகிறது என்றார்.

இதில் ஆச்சரியம் என்னன்னா, நாம் குறைக்க நினைக்கிற கொழுப்பும் அந்த வழியாகத்தான் போகுது. 2014-ல் இரண்டு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால், அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போகிறது. மீதி 1.6 கிலோ தண்ணீராகப் போகிறது. வியர்வையில் கொழுப்பு உருகி வழியறதில்லை. மலைக்கோட்டைப் படியேறும்போது உங்களுக்கு மேல்மூச்சு வாங்குது பாருங்க, கொழுப்பு போற வாசல் அதுதான்.

சாண்டோரியோ நமக்குக் கொடுத்தது இன்னொன்று. ஒரு தடவை எடை பார்த்தால் கிடைப்பது ஒரு எண். ஆயிரம் தடவை பார்த்து எழுதி வைத்தால் கிடைப்பது அறிவு. உடம்பு ஒரே இடத்தில் நிற்பதில்லை, நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது என்பதை அவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்.

காசு போட்டால் ஜோசியம்

அரண்மனைக்கும் ஆய்வுக்கும் வெளியே, சாதாரண ஆளுக்குத் தராசு எப்போ கிடைத்தது? 1880-களில் காசு போட்டால் எடை காட்டும் மெஷின் வந்தது. பிறகு அது உலகம் முழுக்க ரயில் நிலையங்களில் ஏறி உட்கார்ந்தது.

திருச்சி ஜங்ஷனில் நான் சின்ன வயசில் ஏறியது அந்த வகைதான். கலர் பல்பு மினுக்கும், உள்ளே ஒரு சக்கரம் சுத்தும். காசைப் போட்டால் 'டொக்'னு ஒரு சின்ன அட்டை விழும். ஒரு பக்கம் எடை, இன்னொரு பக்கம் உங்கள் குணமும் வருங்காலமும். எடையைப் பார்த்துட்டு எல்லாரும் உடனே அட்டையைத் திருப்பிடுவோம். செருப்பு, பெல்ட், பாக்கெட்டில் சாவிக்கொத்து எல்லாத்தோடும் நின்ன எடைதான் அது. அதைப் பத்தி யாருக்கும் கவலை கிடையாது. அடுத்த தடவை பார்க்கிறது அடுத்த ஊர்ப் பயணத்தில்.

இதற்கிடையில் எடையின் அர்த்தம் மாறிவிட்டது. 20-ம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள், எந்த எடைக்காரர்கள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று கணக்கெடுத்து, உயரத்துக்கு இவ்வளவு எடை என அட்டவணை போட்டன. செழிப்பாக இருந்தது ஆபத்தாக மாறியது. தராசும் பிளாட்பாரத்திலிருந்து வீட்டுக்குள் வந்தது. இப்போ பாத்ரூம் வாசலில், ஒரு கண்ணாடிப் பலகை. காலை வெச்சா, பாயிண்டுக்குப் பின்னாடி ஒரு எண்ணோட பதில் வரும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்குது. கருவி சாண்டோரியோவோடது, நாம் அதைப் படிக்கிற விதம் மட்டும் ரயில்வே அட்டை மாதிரி. ஒரு எண்ணைப் பார்த்துட்டு நம்ம குணத்தையும் வருங்காலத்தையும் முடிவு பண்ணிடறோம். எனக்குத் தெரிந்த தில்லைநகர்க்காரர் ஒருவர் ஆறு வாரம் ஒழுங்கா இருந்தார். ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு மறுநாள் காலையில் 1 கிலோ ஏறியிருந்தது. அன்னிக்கே எல்லாத்தையும் விட்டுட்டார்.

அந்த ஒரு கிலோ எது?

1 கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கு. ஒரே ராத்திரியில் அது சேரணும்னா, வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் இன்னும் மூணு நாள் சாப்பாட்டை அவர் அந்த ரிசப்ஷனில் சாப்பிட்டிருக்கணும். பந்தி எவ்வளவு நல்லா இருந்தாலும் அது நடக்காது. ஏறியது பெரும்பாலும் தண்ணீர். உப்பு அதிகமானா உடம்பு தண்ணீரைப் பிடிச்சு வெச்சுக்கும். மாவுச்சத்தை உடம்பு கிளைகோஜனாகச் சேமிக்கும்போது, ஒவ்வொரு கிராமோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் சேரும். இன்னும் செரிக்காத சாப்பாடும் கணக்கில் வரும். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டிய நாட்களிலும் எடை ஏறி இறங்கும்.

இதன் மறுபக்கத்தை ஸ்ரீரங்கத்தில் ஏகாதசி விரதம் இருக்கிற எந்த வீட்டிலும் பார்க்கலாம். வைகுண்ட ஏகாதசி அன்னிக்குப் பட்டினி இருந்துட்டு, துவாதசி காலையில் பாரணைக்கு முன்னாடி மெஷின் மேல ஏறினா, எண் நல்லாவே இறங்கியிருக்கும். அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சேர்த்துச் சாப்பிட்டு ரெண்டு நாள் ஆனா, இறங்கியதில் பெரும்பங்கு திரும்பி வந்திருக்கும். அப்போ போனதும் தண்ணீர்தான், இப்போ வந்ததும் தண்ணீர்தான்.

அப்படியானால் தினமும் பார்ப்பது வீணா? இல்லை. 2006-ல் அமெரிக்காவில் ரீனா விங் குழு வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே எடை குறைத்திருந்த 314 பேரை 18 மாசம் கவனித்தார்கள். சிலருக்குத் தினமும் எடை பார்க்கவும், கொஞ்சம் ஏறினாலே உடனே சாப்பாட்டைத் திருத்தவும் நேரடிக் கூட்டங்களில் சொல்லிக்கொடுத்தார்கள். அவர்களில் 45.7 சதவீதம் பேருக்கு 2.3 கிலோவோ அதற்கு மேலோ திரும்பி ஏறியது. வெறும் செய்தி மடல் மட்டும் வாங்கியவர்களில் அது 72.4 சதவீதம். தராசு மட்டும் வேலை செய்யவில்லை. எண்ணைப் பார்த்து என்ன செய்யணும்னு தெரிஞ்சவங்களுக்கு அது உதவியது.

அப்போ நாம என்ன செய்யலாம்?

தினமும் பார்க்க முடிஞ்சவங்க தினமும் பாருங்க. காலையில் எழுந்து, கழிவறை போய் வந்து, காபிக்கு முன்னாடி, ஒரே மெஷினில். எண்ணை எழுதி வெச்சுட்டு நகர்ந்துடுங்க. ஞாயிற்றுக்கிழமை ஏழையும் கூட்டி ஏழால் வகுங்க. ஒரு வாரம் இப்படி வந்ததுன்னு வெச்சுக்குவோம்: 74.2, 73.6, 74.5, 74.0, 73.4, 73.9, 73.8. சராசரி 73.9. அடுத்த வாரச் சராசரி 73.5 வந்தால் நீங்க குறைஞ்சிருக்கீங்க, நடுவில் ஒரு நாள் 74.3 காட்டியிருந்தாலும்கூட.

இவ்வளவு கணக்கு வேண்டாம்னா, வாரம் ஒரு தடவை, ஒரே கிழமையில் பாருங்க. ஆனா ஒரு வாரத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க, நாலு வாரத்தைச் சேர்த்துப் பாருங்க.

இன்னொரு கூட்டம் இருக்கு. அந்த எண் கொஞ்சம் ஏறினாலே அன்னிக்குச் சாப்பிடாம இருக்கிறவங்க, ஒரு நாளைக்கு நாலு தடவை ஏறிப் பார்க்கிறவங்க, பார்த்துட்டு அழறவங்க. நீங்க அந்த நிலைமையில் இருந்தா, மெஷினைப் பரண்மேல ஏத்திடுங்க. ஒரு டாக்டர்கிட்டயோ மனநல ஆலோசகர்கிட்டயோ பேசுங்க. வளர்ற பிள்ளைங்க இருக்கிற வீட்டிலயும் தராசைப் பத்திப் பேசும்போது கொஞ்சம் யோசிச்சுப் பேசுங்க.

மத்தவங்க இன்னிக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்க. முதல் பக்கத்தில் நாளைக் காலை எண்ணை எழுதுங்க. எட்டு வாரம் முடியற வரைக்கும் அது நல்ல எண்ணா கெட்ட எண்ணான்னு யார்கிட்டயும் கேட்காதீங்க. அத்தைகிட்டயும் சேர்த்துத்தான் சொல்றேன்.