நாணல் தவளைகளும் நிறத்தால் வந்த பெயர்களும்

சஹாராப் பாலைவனத்துக்குத் தெற்கே, மழைக்காலம் தொடங்கியதும் ஆபிரிக்காவின் குளக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் இரவுதோறும் ஓர் ஓசை எழுகிறது. சிறு சுத்தியலால் இரும்பைத் தட்டுவது போன்ற அவ்வோசைக்குரியவை, இரண்டு மூன்று சென்ரிமீற்றர் நீளமே உள்ள நாணல் தவளைகள். ஹைப்பரோலியஸ் என்னும் பேரினத்தில் அடங்கும் இவற்றில் இன்று 140க்கு மேற்பட்ட இனங்கள் ஏற்கப்பட்டுள்ளன. கறுப்பும் வெள்ளையுமான பட்டைகள், செம்புள்ளிகள், மஞ்சள் கோடுகள், சலவைக்கல்லில் காணப்படுவது போன்ற வரிகள், எக்கோலமும் இல்லாத வெளிர்பச்சை என இவற்றின் தோல் காட்டும் வேறுபாடு வியப்புக்குரியது. இந்த அழகே 180 ஆண்டுகளுக்கு மேலாக விஞ்ஞானிகளை அலைக்கழித்து வந்துள்ளது.

நான் விலங்கியல் கற்றவன் அல்லன். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் பயின்று, பின்னர் பத்திரிகைத் தொழிலில் காலத்தைக் கழித்தவன். ஆயினும் ஒரு பெயர் எவ்வாறு தோன்றுகிறது, அதைச் சூட்டியவர் யார், பின்வந்தோர் அதனை ஏன் மாற்றினர் என்பன வரலாறு சார்ந்த கேள்விகள். நாணல் தவளைகளின் கதையில் அவை மிகத் தெளிவாக எழுகின்றன என்பதனாலேயே இதனை எழுதத் துணிந்தேன்.

கதை பாரிஸ் நகரில் தொடங்குகிறது. அபிசீனியாவிலிருந்து, அதாவது இன்றைய எத்தியோப்பியாவிலிருந்து கிடைத்த சிறு தவளையொன்றுக்கு 1841இல் டுமெரில், பிப்ரோன் ஆகிய பிரெஞ்சு அறிஞர்கள் 'விரிடிஃபிளேவஸ்' எனப் பெயரிட்டனர். பச்சையும் மஞ்சளும் கலந்தது என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். மறு ஆண்டு, 1842இல், ஜேர்மனியரான ராப் ஹைப்பரோலியஸ் என்னும் பேரினத்தை நிறுவினார். தென்னாபிரிக்காவின் நேட்டால் கரையோரத்திலிருந்து வந்த தவளைக்கு அவர் 'மார்மொராட்டஸ்', அதாவது சலவைக்கல் போன்றது எனப் பெயர் வைத்தார். மொசாம்பிக்கில் பயணம் செய்து திரும்பிய பெர்லின் அறிஞர் பீற்றர்ஸ் 1854இல் 'டெனியாட்டஸ்', அதாவது பட்டையுடையது என மற்றொன்றுக்குப் பெயரிட்டார். இந்த மூன்று பெயர்களுமே தோலைப் பார்த்து வைக்கப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது.

அக்காலத்தில் வேறு வழி இருக்கவில்லை. பயணிகளும் மதகுருமாரும் காலனித்துவ அதிகாரிகளும் பிடித்த தவளைகள் சாராயம் நிரப்பிய போத்தல்களில் கப்பலேறி, மாதக்கணக்கில் பயணம் செய்து ஐரோப்பிய நூதனசாலைகளை அடைந்தன. சாராயத்தில் கிடந்த தோலிலிருந்து சிவப்பும் மஞ்சளும் பச்சையும் கரைந்துவிடும். கறுப்புக் கோலங்கள் மட்டும் ஓரளவு எஞ்சும். நிறத்தைக் கொண்டு இனம் பிரித்த அறிஞர்களில் பலர், நிறம் போன பின்னரே அத்தவளைகளைக் கண்டனர்.

பெயர்களின் பெருக்கம் 1931இல் உச்சத்தை எட்டியது எனலாம். பெர்லின் நூதனசாலையில் பணியாற்றிய ஏர்ன்ஸ்ட் ஆல் என்பவர் அவ்வாண்டு 400க்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட பெருநூலொன்றை வெளியிட்டார். ஜேர்மன் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்து சேர்ந்த போத்தல்களை ஆராய்ந்து, நாணல் தவளைகளில் ஏராளமான புதிய இனங்களை அவர் அறிவித்தார். வெள்ளிக்கோடு என்று பொருள்படும் 'அர்ஜென்ரோவிற்றிஸ்' அவற்றுள் ஒன்று. அவர் சூட்டிய பெயர்களில் பல பிற்காலத்தில் தள்ளுபடியாயின. ஆனால் விலங்கியல் விதிகளின்படி, முறையாக வெளியிடப்பட்ட பெயர் ஒருபோதும் முற்றாக அழிவதில்லை. ஒவ்வொரு பெயரும் ஒரு நூதனசாலையில் உள்ள குறித்த மாதிரி உடலுடன் பிணைக்கப்பட்டது. பின்னர் எவரேனும் ஓர் இனத்தை இரண்டாகப் பிரித்தால், பழைய பெயர் எப்பகுதிக்கு உரியது என்பதை அந்த உடலைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும். இரண்டு பெயர்கள் ஒரே இனத்துக்கு உரியவை எனத் தெரிந்தால், பொதுவிதியாக மூத்த பெயரே நிலைக்கும்.

இதற்கிடையில், உயிருள்ள தவளைகளைக் களத்தில் கண்டவர்கள் நிறத்தின் மீதான நம்பிக்கையைக் குலைக்கும் செய்திகளைக் கொண்டு வந்தனர். ஒரே குளத்தில் இருவகைத் தவளைகள் உள்ளன. ஒருவகை மங்கிய கபிலநிறம் கொண்டு, பக்கங்களில் வெளிர்கோடு உடையது. மற்றையது பளிச்சிடும் வண்ணக்கோலம் உடையது. இவை இரண்டு இனங்கள் அல்ல. குஞ்சுத் தவளைகள் எல்லாம் முதலாவது கோலத்தில் வாழ்வைத் தொடங்குகின்றன. பெண் தவளைகள் இனப்பெருக்கப் பருவத்துக்கு முன் இரண்டாவது கோலத்துக்கு மாறிவிடுகின்றன. ஆண்களிலோ சில மாறுகின்றன, சில குஞ்சுக் கோலத்திலேயே நின்று குரலெழுப்பித் துணை தேடுகின்றன. கென்யாவின் அரபுக்கோ சொகோக்கே காட்டுத் தவளைகளை 1990களில் ஆராய்ந்த அமெரிக்க விஞ்ஞானி ரைரோன் ஹேய்ஸ், ஈஸ்ட்ரடயோல் என்னும் பெண் ஹோர்மோனே இந்த நிறமாற்றத்தைத் தூண்டுகிறது என்று காட்டினார்.

பருவமும் நிறத்தை மாற்றுகிறது. மேற்கு ஆபிரிக்கச் சவன்னாவில் வறட்சிக் காலத்தில் ஏனைய தவளைகள் மண்ணுக்குள் ஒளிந்துகொள்ள, இளம் நாணல் தவளைகள் காய்ந்த புல்லின் மீது வெயிலில் அமர்ந்திருக்கின்றன. வெப்பம் ஏறும்போது அவற்றின் தோல் வெண்மையாகி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. ஜேர்மனிய ஆய்வாளர்களான கோபெல்ட், லின்சன்மயர் ஆகியோர் 1986இல் இத்தோலின் அமைப்பை விரிவாக விளக்கினர். வயது, பால், பருவம் ஆகிய மூன்றும் ஒரே தவளைக்கு வெவ்வேறு உடை அணிவிக்குமானால், உடையைக் கண்டு குலத்தைச் சொல்வது எங்ஙனம்?

இச்சிக்கலைத் தீர்க்க முயன்றோரில் இருவர் முக்கியமானவர்கள். முதலாமவர் பெல்ஜிய நாட்டவரான ரேமண்ட் லோரன். கொங்கோ நூதனசாலையிலிருந்த நாணல் தவளைகள் பற்றி 1943இல் நூல் எழுதிய அவர், பின்னர் ஆபிரிக்காவில் பல ஆண்டுகள் பணியாற்றினார். தனி இனங்கள் எனப்பட்ட பலவற்றை ஓரினத்தின் உபஇனங்களாக அவர் நிரல்படுத்தினார். இரண்டாமவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆர்னே ஷியோட்ஸ். அவர் குரலையும் சாட்சியாகக் கொண்டார். தவளைகளின் அழைப்பொலிகளை நாடாவில் பதிவுசெய்து ஒப்பிட்ட அவர், நிறத்தில் முற்றிலும் மாறுபட்ட பல வடிவங்களின் குரல் ஏறத்தாழ ஒன்றே எனக் கண்டார். ஒரு பிரதேசத்தில் ஒரு வடிவமும், அடுத்த பிரதேசத்தில் அதனிடத்தில் மற்றொரு வடிவமும் வாழ்வதையும் கவனித்தார். எனவே 1971இல் இவை அனைத்தையும் விரிடிஃபிளேவஸ் என்னும் ஒரே 'மேலினம்' ஆகத் தொகுத்தார். ஒரே மூதாதையிடமிருந்து கிளைத்து, ஒன்றின் எல்லையில் மற்றொன்று தொடங்கும் உறவினங்களின் கூட்டம் என்பது இச்சொல்லின் கருத்து. அது ஒரு தீர்ப்பு என்பதைக் காட்டிலும், தீர்ப்பை நேர்மையாக ஒத்திவைத்தல் என்பதே பொருந்தும்.

அந்தத் தீர்ப்பை வழங்க மரபணுவியல் முன்வந்தது. அன்யா வியெசோரெக், றொபேர்ட் ட்றூஸ், அலன் சானிங் ஆகியோர் 1998 முதல் 2001 வரை வெளியிட்ட ஆய்வுகளில், இத்தொகுதியைச் சேர்ந்த தவளைகளின் டி.என்.ஏ. எழுத்துவரிசைகளை ஒப்பிட்டு உறவுமரம் வரைந்தனர். இரு தவளைகளின் வரிசையில் வேறுபாடு கூடுமளவுக்கு அவை பிரிந்த காலமும் பெரும்பாலும் தொலைவானது என்பது இம்முறையின் அடிப்படை. மேலினத்துக்குள் தெளிவாகப் பிரிந்த கிளைகள் இருப்பதாகக் கண்ட அவர்கள், அவற்றைத் தனி இனங்களாக ஏற்கும்படி முன்மொழிந்தனர். அதே வேளை, நிறத்தை வைத்துச் சூட்டப்பட்ட அத்தனை உபஇனப் பெயர்களுக்கும் தனிக்கிளை கிடைக்கவில்லை.

இத்துடன் வழக்கு முடிந்துவிடவில்லை. அந்த ஆய்வுகள் தாய்வழியாக மட்டும் கடத்தப்படும் மைற்றோகொண்ட்ரிய டி.என்.ஏ.யை ஆதாரமாகக் கொண்டவை. ஒரு குடும்பத்தின் வரலாற்றைப் பாட்டிமாரின் பெயர்களை மட்டும் கொண்டு எழுதினால் எவ்வளவு உண்மை கிடைக்குமோ, அவ்வளவு உண்மை அதில் உண்டு. அயல்வாழ் வடிவங்கள் எல்லையில் கலந்து இனப்பெருக்கம் செய்கின்றனவா என்பதை அது முழுமையாகச் சொல்லாது. ஆதலால் இன்றும் சில நூல்கள் பிரிந்த பெயர்களை ஏற்கின்றன. வேறு சில பழைய பெயரின் கீழ் அவற்றைச் சேர்த்தே வைத்திருக்கின்றன.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. மூக்கு நீண்ட, மெலிந்த, பச்சைநிற நாணல் தவளைகள் ஆபிரிக்கா எங்கும் ஒன்றுபோலவே தோன்றும். சானிங்கும் பல நாட்டு ஆய்வாளர்களும் 2013இல் மரபணுவையும் குரலையும் உடலமைப்பையும் சேர்த்துப் பரிசீலித்து, இக்குழுவில் மட்டும் 6 புதிய இனங்களை அறிவித்தனர். பிரின்சிப்பே தீவின் தவளை, அயல்தீவான சாவோ தோமேயின் தவளையே என நெடுங்காலம் கருதப்பட்டது. 2016இல் ரெய்னா பெல் அதனைத் தனி இனமாக அறிவித்து, மேலே குறிப்பிட்ட ட்றூஸின் பெயரைச் சூட்டினார். ஆக, நிற வேற்றுமை ஒரே இனத்தைப் பலவாகக் காட்டியதும் உண்டு. நிற ஒற்றுமை பல இனங்களை ஒன்றாகக் காட்டியதும் உண்டு.

ஆயினும் நிறத்தை முற்றாக ஒதுக்கிவிடவும் முடியாது. டானியல் போர்ட்டிக்கும் சக ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட விரிவான மரபணு ஆய்வொன்று, ஆணும் பெண்ணும் நிறத்தால் வேறுபடும் கிளைகளில் புதிய இனங்கள் பெருகும் வேகம் கூடியது எனக் காட்டியது. நிறம் குலத்தின் அடையாளச் சீட்டு அன்று. ஆனால் குலங்கள் பிரிவதில் அதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கிறது.

'ஒரு தவளைக்கு எப்பெயர் இருந்தால் என்ன?' என வாசகர் கேட்கலாம். தன்சானியாவின் மலைக்காடுகள் இதற்கு விடை சொல்லும். அங்குள்ள கழுத்தில் சிறுமுட்கள் கொண்ட நாணல் தவளைகள், மலாவியில் முதலில் அறியப்பட்ட ஸ்பைனிகுலாரிஸ் போன்ற பரவலான இனங்களுக்கு உரியவை எனக் கருதப்பட்டன. பரந்து வாழும் இனத்துக்கு ஆபத்துக் குறைவு என்பது பாதுகாப்பு அமைப்புகளின் கணக்கு. 2015இல் அவற்றிலிருந்து மூன்று புதிய இனங்கள் பிரித்தறியப்பட்டன. ஒவ்வொன்றும் சில மலைக்காடுகளில் மட்டும் வாழ்வது அப்போதுதான் தெரியவந்தது. 2023இல் உக்காகுரு மலையிலிருந்து அறிவிக்கப்பட்ட இன்னோரினத்தின் ஆண்கள் குரலெழுப்புவதே இல்லை. ஷியோட்ஸ் கையாண்ட ஒலிநாடா அங்கே பயன்பட்டிருக்காது. அத்தகைய ஒரு காடு வெட்டப்பட்டால் பழைய பட்டியலின்படி நட்டம் சிறிது. புதிய பட்டியலின்படியோ ஓரினமே அற்றுப்போகக்கூடும்.

தென்னாபிரிக்காவில் கேள்வி வேறு வடிவில் எழுந்தது. நாட்டின் கிழக்கே வாழ்ந்த மார்மொராட்டஸ் தவளைகள் 1990களின் பிற்பகுதியில் மேற்குக் கேப் மாகாணத்தில் தோன்றிப் பரவின. தாமாக வந்தனவா, நாற்றுச் செடிகளுடனும் வாகனங்களுடனும் மனிதர் கொண்டுவந்தனரா என்ற விவாதம் எழுந்தது. 2008இல் வெளியான ஆய்வு, அவை ஒரே இடத்திலிருந்து வந்தவை அல்ல என மரபணுவைக் கொண்டு காட்டியது. பாதுகாக்க வேண்டிய உயிரா, தடுக்க வேண்டிய உயிரா என்று தீர்மானிக்கவும் வம்சவரலாறு தேவைப்படுகிறது.

இந்தக் கதையில் இலங்கைக்கும் ஓரிடம் உண்டு. ஆபிரிக்கத் தவளைகளுக்குப் பெயர்களை வாரி வழங்கிய அதே ஏர்ன்ஸ்ட் ஆல், 1927இல் நமது காலித் துறைமுகப் பகுதியிலிருந்து கிடைத்த சிறு மரத்தவளையொன்றுக்கு 'சிம்மெரி' எனப் பெயர் சூட்டினார். 2002இல் மாதவ மீகஸ்கும்புரவும் சக ஆய்வாளர்களும், மரபணு, குரல், உடலமைப்பு, வாழிடம் ஆகியவற்றை ஆராய்ந்து, இச்சிறு தீவில் நூற்றுக்கு மேற்பட்ட மரத்தவளை இனங்கள் உண்டெனக் கூறி உலகை வியக்க வைத்தனர். ஆனால் காலியின் அந்தத் தவளை தேடியும் கிடைக்கவில்லை. அற்றுப்போன இனங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டுள்ளது. ஆலின் பெயர்களில் ஆபிரிக்காவில் சில தவறிப்போயின. இங்கே பெயர் நின்றது, பெயருக்குரிய உயிர்தான் இல்லை.

ஆபிரிக்காவின் விரிடிஃபிளேவஸ் தொகுதியில் எத்தனை இனங்கள் உள்ளன என்பதில் இன்றுவரை ஒருமித்த முடிவு இல்லை. முடிவு காண்பதற்குரிய பழைய மாதிரி உடல்களிற் பெரும்பாலானவை பாரிஸ், பெர்லின், இலண்டன் போன்ற நகரங்களில் நிறமிழந்து கிடக்கின்றன. பழைய உடல்களிலிருந்தும் டி.என்.ஏ. பிரித்தெடுக்கும் நுட்பம் இப்போது வளர்ந்துவருவதால், ஒரு நூற்றாண்டுக் காலப் பெயர்களை அவற்றுக்குரிய கிளைகளுடன் பொருத்தும் வாய்ப்புப் பிறந்துள்ளது. அந்த வேலை நடந்து முடியும் வரை சதுப்பு நிலங்கள் வற்றாமலும் மலைக்காடுகள் அழியாமலும் இருக்க வேண்டும் என்பதே இதிலுள்ள கவலை.