பாதரசம் மலையேறிய கதை

ஒட்டன்சத்திரம் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது காய்கறி மார்க்கெட். தக்காளியும் முருங்கையும் லாரி லாரியாகக் கேரளாவுக்குப் போகும் ஊர். தெற்கே பார்த்தால் பழனி மலை நிற்கிறது. மலையில் விளைவது கீழே இறங்குகிறது. அரிசி, உப்பு, சிமெண்ட், கேஸ் சிலிண்டர் எல்லாம் மேலே ஏறுகிறது. இந்த ஏற்றுமதி இறக்குமதியில் யாரும் பெரிதாகப் பேசாத ஒரு சரக்கும் இருந்தது. பாதரசம்!

முதலில் இதன் குணத்தைப் பார்த்துவிடுவோம். தண்ணீரைப் போல 13.6 மடங்கு கனம். வியாபாரத்தில் இது இரும்புக் குப்பிகளில் வரும். குப்பி ஒன்றில் சுமார் 34.5 கிலோ. கொள்ளளவு என்னவோ இரண்டரை லிட்டர்தான், ஆனால் தூக்கினால் பாதி சிமெண்ட் மூட்டையை விடக் கனக்கும். சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும், ஆவிக்கு நிறமோ வாசனையோ கிடையாது. மூச்சில் போனால் நரம்பையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

விமானக்காரர்கள் இதைக் கண்டு பயப்படுவதற்குக் காரணமே வேறு. அலுமினியத்தின் மேல் இயற்கையாகவே ஒரு மெல்லிய ஆக்சைடு படலம் இருக்கிறது. அது கொஞ்சம் கீறி, அந்த இடத்தில் பாதரசம் பட்டால், உலோகம் உள்ளே உள்ளே அரித்துக்கொண்டே போகும். விமானத்தின் உடம்பே பெரும்பாலும் அலுமினியம்தானே! அதனால் ஐ.நா. எண் 2809 என்ற அடையாளத்தோடு பாதரசம் 8ஆம் வகுப்பில், அதாவது அரிக்கும் பொருட்களோடு, சேர்க்கப்பட்டிருக்கிறது. கூடவே நச்சு என்ற துணை அடையாளமும் உண்டு. விமானத்தில் அனுப்ப வேண்டுமென்றால் பாதரசம் ஊடுருவாத, ஒழுகாத உறை வேண்டும், லேபிள் வேண்டும், அனுப்புபவரின் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். ஒரு பயணி தன் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் கொண்டுபோவதென்றால் ஒன்றே ஒன்றுதான், அதுவும் பாதுகாப்பான கூட்டுக்குள். அதில் இருக்கும் பாதரசம் ஒரு கிராம் தேறினால் அதிகம்.

விமான நிலையம் இல்லாத கொடைக்கானலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1983ல் பாண்ட்ஸ் இந்தியா கம்பெனி கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை தொடங்கியது. இயந்திரங்கள் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்டவுனில் இருந்து வந்தவை. அங்கே இழுத்து மூடிய ஆலைதான் இங்கே எழுந்து நின்றது. பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டில் இருந்து வரும்; செய்து முடித்த தெர்மாமீட்டர் வெளிநாட்டுக்கே போகும். பின்னால் 1980களின் கடைசியில் யூனிலீவர் கைக்கு மாறி, ஹிந்துஸ்தான் லீவரின் ஆலை ஆயிற்று. குளிர்ச்சியான ஊர், கூலி குறைவு, வேலை கிடைத்தால் போதும் என்று காத்திருந்த ஜனங்கள். அப்போது ஊருக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருந்திருக்கும்.

தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 1984 டிசம்பரில் போபால். அதற்குப் பிறகு 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989ல் அபாயகரக் கழிவு விதிகள். அதே 1989ல்தான் மத்திய மோட்டார் வாகன விதிகளும் வந்தன; ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியில் என்ன பலகை மாட்ட வேண்டும், டிரைவர் என்ன பயிற்சி எடுத்திருக்க வேண்டும், விபத்து நடந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு கையில் இருக்க வேண்டும் என்றெல்லாம் அவற்றில் எழுதியிருக்கிறது. அதாவது ஆலை மலையேறி ஆறு வருஷம் கழித்து!

சரி, விதிகள் வந்த பிறகாவது நடந்ததா? 2001 மார்ச் 7ஆம் தேதி கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் உடைந்த தெர்மாமீட்டர் கண்ணாடி டன் கணக்கில் கிழிந்த சாக்குகளில் கிடப்பதை ஊர்க்காரர்களும், பழனி மலைப் பாதுகாப்பு மன்றமும், கிரீன்பீஸ் அமைப்பும் வெளியே கொண்டுவந்தார்கள். 7.4 டன். ஆலையில் இருந்து மூன்று கிலோமீட்டர்தான். தங்கள் நடைமுறையை மீறி அது விற்கப்பட்டதாகக் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது. அந்த மாதமே ஆலை மூடப்பட்டது, மறுபடி திறக்கவே இல்லை.

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இந்த இடம் புரியும். கணக்குப் புத்தகத்தில் ஒரே பாதரசம் மூன்று பெயர் எடுக்கிறது. வரும்போது மூலப்பொருள். தெர்மாமீட்டருக்குள் போனதும் விற்பனைச் சரக்கு. உடைந்தால் ஸ்கிராப், அதாவது சில்லறை வருமானம். பெயர் மாறினால் அதன் கூட வரும் காகிதமும் மாறுகிறது. பாதரசம் மட்டும் மாறவில்லை. விமானத்தில் ஒரு கிராமுக்குக் கூடு கேட்கிற உலகம், மலையில் 7.4 டன்னுக்குச் சாக்கு போதும் என்று விட்டுவிட்டது. விமானத்தில் ஒழுகினால் நஷ்டம் விமானக் கம்பெனிக்கு. சாக்கில் ஒழுகினால் நஷ்டம் யாருக்கு? பழைய இரும்புக் கடையில் கையால் தரம் பிரிக்கும் ஆளுக்குத்தான். விதி எழுதும் இடத்தில் அவருக்கு நாற்காலி போடுவார் யாருமில்லை.

அடுத்தது இன்னும் சுவாரசியம். 2003ல் அந்தக் கண்ணாடி, ஆலையில் மிஞ்சிய பாதரசம், முடியாத தெர்மாமீட்டர்கள், கழிவுச் சேறு எல்லாம் சேர்ந்து சுமார் 290 டன் மலையிறங்கியது. இந்த முறை அனுமதி, பேக்கிங், மேற்பார்வை எல்லாம் பக்கா. தூத்துக்குடியில் கப்பலேறி அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள பெத்லஹேம் அப்பரேட்டஸ் என்ற மறுசுழற்சி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பணக்கார நாட்டுக் குப்பை ஏழை நாட்டுக்கு வருவதுதான் வழக்கம். அதைத் தடுக்கத்தான் 1989ல் பேசல் உடன்படிக்கையே போட்டார்கள் (அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, இன்னும் உறுப்பினர் ஆகவில்லை). இங்கே வண்டி எதிர்த் திசையில் ஓடியது. ஊர்க்காரர்கள் விடாமல் கேட்டதால் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இது கொடைக்கானலுக்கு மட்டும் வந்த கஷ்டம் இல்லை. கனடாவின் வடகோடியில் ரோடே இல்லாத ஊர்கள் இருக்கின்றன. வருஷத்தில் பெரும்பகுதி விமானம்தான் வழி. அங்கே போகும் பேட்டரியும் பெயின்ட்டும் எரிபொருளும் ஆபத்தான சரக்கு விதிகளைத் தாண்டித்தான் போக வேண்டும், அதனால் விலை ஏறுகிறது. ஆனால் தேவை என்பதால் எப்படியோ போய்விடுகிறது. பயன்படுத்தி முடித்த பேட்டரியைத் திருப்பி அனுப்ப யார் காசு கொடுப்பது? அது அந்த ஊர்க் குப்பைமேட்டிலேயே தங்கிவிடுகிறது. பனிப் பிரதேசமானாலும் பழனி மலையானாலும் ஏற்றக் கூலி கொடுக்க ஆள் உண்டு, இறக்கக் கூலி கொடுக்க ஆள் இல்லை.

மலையில் மிச்சக் கதை நீண்டுகொண்டே போனது. பழைய தொழிலாளர்கள் 2006ல் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். 2015ல் சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் வீடியோ உலகம் முழுக்கப் பரவிய பிறகு, 2016 மார்ச்சில் 591 பேருடன் கம்பெனி ஒப்பந்தம் செய்துகொண்டது. தங்கள் ஆலையால் யாருக்கும் உடல்நலக் கேடு இல்லை என்பது கம்பெனியின் வாதம். தொழிலாளர்கள் சொன்னது நேர் எதிர். அமெரிக்காவே 2013ல் இருந்து பாதரச ஏற்றுமதியைச் சட்டம் போட்டு நிறுத்திவிட்டது.

மண் மட்டும் லாரியில் ஏறவில்லை. ஆலை இருந்த சரிவில் கலந்த பாதரசத்தை அங்கேயே சுத்தப்படுத்துவது என்று முடிவாகி, ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று அளவு வைத்தார்கள். அது போதாது, இன்னும் குறைக்க வேண்டும் என்று ஊரில் பலர் சண்டை போட்டார்கள். சரிவுக்குக் கீழே பாம்பார் சோலை. அந்தத் தண்ணீர் கும்பக்கரை அருவியாக விழுந்து பெரியகுளம் பக்கம் போகிறது. அந்தப் பாதைக்கு லேபிளும் கிடையாது, செக்போஸ்ட்டும் கிடையாது.