சுடுநீர் ஊற்றுகள், கிந்தா பள்ளத்தாக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தித்திவங்சா மலைத்தொடரின் மேற்கு அடிவாரம் நெடுக வெந்நீர் ஊறும் இடங்கள் பல உண்டு. கிந்தா பள்ளத்தாக்கில், ஈப்போவை அடுத்த குனோங் ராபாட்டுக்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பவை இரண்டு. வடக்கே தம்புன், தென்கிழக்கே, சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் வழியில் லூபோக் தீமா. இன்னும் தெற்கே தள்ளிப்போனால் சுங்கை ஊரை அடுத்த சுங்கை கிளாவும், சிலிம் ரிவருக்கு உள்ளே உலு சிலிமும் வரும். மலாய்க்காரர்கள் ‘ஆயர் பானாஸ்’ என்பதைத் தமிழர்கள் சுடுநீர்க் குளம் என்றோ, பேச்சில் சுடுதண்ணி என்றோ சொல்வார்கள்.

வெந்நீர் ஊற்று என்றதும் எரிமலையை நினைப்பது வழக்கம். ஜப்பானுக்கும் ஜாவாவுக்கும் அது பொருந்தும்; இங்கே பொருந்தாது. மலாயாத் தீபகற்பத்தில் உயிருள்ள எரிமலை கிடையாது. ஆனாலும் அறுபதுக்கு மேற்பட்ட சுடுநீர் ஊற்றுகள் பதிவாகியுள்ளன. இதற்குக் காரணம் கருங்கல். தித்திவங்சாவின் கருங்கல் ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிக் கிடந்து இறுகியது. அதில் யுரேனியம், தோரியம், பொட்டாசியம் ஆகியவை வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாக உண்டு. அவை சிதையும்போது வெளிப்படும் வெப்பம் பாறையைச் சூடாகவே வைத்திருக்கிறது. பொதுவாக நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25 முதல் 30 பாகை (செல்சியஸ்) வரை சூடு கூடும். மலையில் பெய்த மழை, பாறைப் பிளவுகள் வழியே இரண்டு கிலோமீட்டர் இறங்கினாலே 80 பாகையை நெருங்கிவிடும். வேறொரு பிளவின் வழியே விரைந்து மேலேறினால் சூடு ஆறுவதற்குள் வெளியே வந்துவிடும். ஆக, குளத்தில் இறங்குபவர் குளிப்பது பழைய மழைநீரில்தான்.

இதே கருங்கல்தான் கிந்தாவுக்கு வெள்ளீயத்தையும் (ஊர்வழக்கில் ஈயம்) கொடுத்தது. கருங்கல் குழம்பு குளிர்ந்தபோது கசிந்த சூடான கரைசல்கள் ஈயத்தாதுவைப் பாறை விளிம்புகளில் படியவிட்டன. ஆறுகள் அதை அரித்துப் பள்ளத்தாக்கில் சேர்த்தன. அந்தக் கரைசல்களுக்கும் இன்றைய ஊற்றுநீருக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால் கருங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் சந்திக்கும் விளிம்பு இரண்டுக்கும் பொது. ஈய லம்பம் (சுரங்கம்) இருந்த ஊரின் பக்கத்திலேயே சுடுதண்ணியும் இருப்பதற்கு இதுவே விளக்கம். தம்புன் இதற்கு நல்ல சான்று. லியோங் ஃபீ என்ற சீனச் செல்வந்தரின் தம்புன் லம்பம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிந்தாவின் பெயர்பெற்ற லம்பங்களில் ஒன்று.

ஊற்றுகளை முதலில் அறிந்தவர்கள் பழங்குடிகளான ஒராங் அஸ்லி மக்கள் என்பதில் ஐயமில்லை. தம்புனில் மனித நடமாட்டம் எவ்வளவு பழையது என்பதைப் பஞ்சாங் மலைப் பாறை ஓவியங்கள் காட்டுகின்றன. கூர்க்காப் படையைச் சேர்ந்த ராலிங்ஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி 1959இல் அவற்றைக் கண்டு வெளியே சொன்னார். மனிதர்கள், விலங்குகள், மீன்கள் என்று செந்நிறத்தில் தீட்டிய உருவங்கள் அவை. ஓவியம் தீட்டியவர்கள் கீழே இருந்த வெந்நீரில் குளித்தார்களா என்பதை எந்தப் பாறையும் சொல்லாது. குளிக்காமல் இருந்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

1883இல் மலாயா உலகின் முதன்மையான ஈய உற்பத்தி நாடானது. சீனத் தொழிலாளர்கள் லம்பங்களுக்கும், தமிழர்கள் ரயில் பாதை, சாலை, பிறகு கித்தா (ரப்பர்) தோட்டங்களுக்கும் வந்து குவிந்தார்கள். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை 1938 வரை நீடித்தது. பால்மரம் வெட்டுபவர்களின் வேலை விடியும் முன்பே தொடங்கும். குனிந்து நிமிர்ந்து, ஈரக் காட்டில் வாளி சுமந்த உடம்புக்கு வெந்நீர் சொகுசு அல்ல, மருந்து. நொச்சித் தழை போட்டுக் காய்ச்சிய தண்ணீரில் உடம்பு வலியைப் போக்கும் பழக்கத்தோடு வந்தவர்களுக்கு, விறகு செலவில்லாமல் மண்ணிலிருந்தே வெந்நீர் கிடைத்தால் எப்படி இருந்திருக்கும்! மூட்டு வலிக்கும் சொறி சிரங்குக்கும் சுடுதண்ணி நல்லது என்ற நம்பிக்கை மலாய்க்காரர், சீனர், தமிழர் ஆகிய மூன்று இனத்தாரிடமும் வேரூன்றியது. வலிக்கு அது இதம் தரும் என்பதை மருத்துவமும் ஏற்கும். தோல் நோயைத் தீர்க்கும் என்பதற்கு அத்தகைய உறுதி இல்லை.

ஒன்று மட்டும் இங்கே வியப்புக்குரியது. இலங்கையில் திருகோணமலைக்கு அருகே கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ளன. இராவணன் தன் தாய்க்கு ஈமக்கடன் செய்ய உண்டாக்கியவை என்ற கதை அவற்றைப் புண்ணிய தீர்த்தமாக்கிவிட்டது. இமயத்தில் பத்ரிநாத் போகிறவர்கள் தப்த குண்டத்தில் குளித்துவிட்டே சந்நிதிக்குள் நுழைகிறார்கள். கிந்தாவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கல்லையும் மரத்தையும் கண்ட இடத்தில் கோயில் எழுப்பிய தமிழர்கள், குனோங் சீரோவின் சுண்ணாம்புக் குன்றடியில் முருகனை வைத்தார்கள். குனோங் ராபாட்டின் குகைகளில் சீனர்கள் சாம் போ தோங், கெக் லோக் தோங் என்று கோயில்களை நிறுவினார்கள். சுடுநீரோ தலபுராணம் ஏதும் இல்லாத வெறும் தண்ணீராகவே நின்றது. அதனாலேயே அது எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று கருத இடமுண்டு.

ஜப்பானியப் படை 1941 டிசம்பர் இறுதியில் ஈப்போவைப் பிடித்தது. வெந்நீர்க் குளியல் ஜப்பானியரின் அன்றாட வாழ்வில் கலந்தது. ஆக்கிரமிப்புக் காலத்தில் சிங்கப்பூரின் செம்பவாங்கிலும் சபாவின் போரிங்கிலும் அவர்கள் குளியல் தொட்டிகளை அமைத்தார்கள். தம்புன் ஊற்றிலும் ஜப்பானியச் சிப்பாய்கள் குளித்ததாக ஊரில் பேச்சு உண்டு. போருக்குப் பிறகு தம்புன் குளம் எளிய பொழுதுபோக்கு இடமாயிற்று. சுண்ணாம்புக் குன்றின் காலடியில் இரண்டு குளங்கள், ஒன்று அதிகச் சூடு, மற்றது மிதமான சூடு; பக்கத்தில் வேர்வை வழிய உட்கார ஒரு நீராவிக் குகை. அவ்வளவுதான் வசதி.

1985இல் உலக ஈயச் சந்தை சரிந்தது. லம்பங்கள் மூடின, குட்டைகளும் மணல் மேடுகளும் மிஞ்சின. அடுத்த மாற்றம் அந்தச் சரிவிலிருந்தே பிறந்தது. பூசிங்கில் பிறந்த ஜெஃப்ரி சியா 1974இல் சிலாங்கூரில் தொடங்கிய ஈய நிறுவனமே பிற்காலத்தில் சன்வே குழுமமாக வளர்ந்தது. கைவிட்ட லம்பத்தை சன்வே லகூன் என்ற நீர்க் கேளிக்கைப் பூங்காவாக்கிக் காட்டியது. அதே குழுமம் 2004இல் தம்புனில் லோஸ்ட் வேர்ல்ட் பூங்காவைத் திறந்தது. சில ஆண்டுகளில் அதன் அருகிலேயே, வில்லா ஒவ்வொன்றிலும் சொந்த வெந்நீர்த் தொட்டியோடு தி பஞ்சாரான் என்ற உயர்தர விடுதியும் வந்தது. அதன் மதுக்கூடம் ஒரு குகைக்குள் இருக்கிறது. லோஸ்ட் வேர்ல்ட் பூங்காவில் டூலாங் தட்டில் ஈயம் அரிப்பதைக் காட்சியாக வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று பெண்கள் வயிறு வளர்த்த வேலை, இன்று வெந்நீரோடு சேர்த்து நுழைவுச் சீட்டில் அடங்கிவிட்டது.

தெற்கே சுங்கை கிளாவில் ஃபெல்டா என்ற அரசு நில மேம்பாட்டு அமைப்பின் நிலத்தில் அமைந்த பூங்கா குடும்பங்களுக்கு ஏற்றது. முட்டை வேகவைக்கத் தனிக் கிணறு வைத்திருப்பதால் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். உலு சிலிம் ஊற்றின் சூடு 104 பாகை என்று விளம்பரங்கள் சொல்கின்றன. தாழ்நிலத்தில் திறந்திருக்கும் நீர் 100 பாகையிலேயே கொதித்து ஆவியாகும்; ஆகவே அந்த எண்ணை அடியாழத்து அழுத்தத்தில் உள்ள நீரின் சூடாகக் கொள்ளலாமே தவிர, குளத்து நீரின் சூடாகக் கொள்வதற்கில்லை. கொதிநிலையை ஒட்டிய நீர் என்பதே போதுமான எச்சரிக்கை.

குளிப்பதற்கு 38 முதல் 40 பாகை வரை போதும். கால்மணி நேரத்துக்குமேல் ஊறினால் தலைசுற்றலாம். இருதய நோயாளிகளும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு இறங்குவது நல்லது. நீரிழிவு இங்குள்ள இந்தியர்களிடையே மிகுதி. பாதம் மரத்துப்போனவருக்குச் சூடு உறைக்காது. கொப்புளம் கண்ட பிறகே தெரியவரும். எனவே காலை விடும் முன் முழங்கையை நனைத்துப் பார்க்க வேண்டும். மூக்கு வழியே நுழைந்து மூளையைத் தாக்கும் அமீபா ஒன்று வெதுவெதுப்பான நன்னீரில் வாழக்கூடியது. அந்த நோய் மிக அரிது, ஆனாலும் தலையை முக்காமல் இருப்பதே மேல்.

கிந்தா பள்ளத்தாக்கு 2018இல் தேசிய நிலவியல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சுண்ணாம்புக் குன்றுகளை உடைக்கும் குவாரிகள் அதற்குப் பிறகும் ஓயவில்லை. நிலத்தடி நீர் ஓடும் பிளவுகளைக் கலைக்கும் எந்த வெட்டும் ஊற்றையும் தொடும் என்பதை அனுமதி தருபவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். லூபோக் தீமா போன்ற இடங்கள் உயர்தர விடுதிகளாக மாறாமல் இருக்கும்வரைதான் தோட்டப்புறத்தை விட்டு வந்த குடும்பங்களுக்கும் சுடுதண்ணி எட்டும். அங்கே போகிறவர்கள் முட்டை ஓட்டையும் பிளாஸ்டிக் பையையும் திரும்ப எடுத்துக்கொண்டு வரட்டும்.