கானுக்கு ஒரு கந்தோர், நுளம்புக்கு ஒரு கந்தோர்

அண்மைக் காலமாக நமது ஊர்களின் வரலாறுகள் நூல்களாக வெளிவந்துகொண்டிருக்கின்றன. மகிழ்ச்சிக்குரிய விடயந்தான். பள்ளிவாசல் எப்போது கட்டப்பட்டது, முதலாவது பட்டதாரி யார், பாராளுமன்றம் சென்றவர் எவர் என்பனவெல்லாம் அவற்றில் உண்டு. ஆனால் ஊர்க் கிணறுகளுக்கு மருந்து போட்டவர் யார், பிள்ளைப்பேற்றுக்கு வந்த மருத்துவிச்சி யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருந்தாள், ஆதரவற்ற கிழவிகளுக்குக் கிடைத்த சில ரூபாய்களைத் தீர்மானித்தது யார் என்ற கேள்விகளுக்கு அந்நூல்களில் இடம் கிடைப்பதில்லை. ஊர் வரலாறு ஒன்றுக்காக நானும் குறிப்புகள் சேர்த்து வருபவன். எனது கொப்பியிலும் இவை இருக்கவில்லை.

இக்கேள்விகள் 2017ஆம் ஆண்டில்தான் எனக்குள் எழுந்தன. நாடெங்கும் 186,101 பேர் டெங்கு நோயாளிகளாகப் பதியப்பட்ட ஆண்டு அது. ஐந்தாம் தரத்தில் நான் படிப்பித்த பிள்ளையொன்று ஒன்பது நாட்கள் ஆஸ்பத்திரியில் கிடந்து, அல்லாஹ்வின் கிருபையால் பிழைத்து வந்தது. அந்தக் கிழமையே பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பாடசாலைக்கு வந்தார். பின்மதிலுக்கு வெளியே தேங்கிக் கிடந்த கானில் வாளியால் அள்ளிப் பார்த்தார். குடம்பிகள் நெளிந்தன. நோட்டீஸ் மட்டும் பாடசாலைக்கு!

அதிபர் என்னைத்தான் அனுப்பினார். முதலில் பிரதேச சபைக்குப் போனேன். “நுளம்புப் பிரச்சினையெண்டா எம்.ஓ.எச். ஒபிசுக்குத்தான் போகணும் சேர். எங்களுக்கிட்ட அதுக்கு ஆளில்ல” என்றார்கள். சுகாதார வைத்திய அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனேன். “கான் சபைக்குரியது சேர். நாங்க நோட்டீஸ்தான் குடுக்க ஏலும்” என்றார்கள். இருவர் சொன்னதும் பொய்யல்ல என்பதுதான் விடயம். இறுதியில் பழைய மாணவர்கள் நான்கு பேர் மண்வெட்டியோடு இறங்கினார்கள். கானுக்கு ஒரு கந்தோரும் நுளம்புக்கு ஒரு கந்தோருமாக நமது நிருவாகம் எப்போது பிரிந்தது என்பதை அறிய அன்று தொடங்கிய தேடலே இக்கட்டுரை.

ஆங்கிலேயர் காலத்தில் உள்ளூராட்சி மன்றங்கள் தோன்றியமைக்குச் சுகாதாரமே முதற்காரணங்களுள் ஒன்று. சுகாதாரத்துக்கான செலவை ஊர்க்காரன் தலையில் கட்டுவது இன்னொரு காரணம். 1865ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் கொழும்புக்கும் கண்டிக்கும் மாநகர சபைகள் கிடைத்தன. 1876இல் தேசாதிபதி கிரகரியின் காலத்தில் சிறு நகரங்களுக்கு உள்ளூர்ச் சபைகள் வந்தன. அச்சட்டத்தின் பெயரிலேயே சுகாதாரமும் அபிவிருத்தியும் இருந்தன. 1892இல் அவற்றிலும் சிறிய பட்டினங்களுக்குச் ‘சனிட்டரி போட்’ வந்தது. கிராமங்களுக்கோ 1871ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த கிராமக் கமிட்டிகள் மாத்திரமே. அரசாங்க உத்தியோகத்தர்தாம் அவற்றில் தலைமை வகித்தனர். எஸ்.டபிள்யூ.ஆர்.டீ. பண்டாரநாயக்க உள்ளூராட்சி மந்திரியாக இருந்தபோது கொண்டுவரப்பட்ட 1938ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, மக்கள் தெரிவுசெய்தவர் அக்கிராசனர் கதிரையில் அமர முடிந்தது.

எனது மூத்தவாப்பா அறுபதுகளில் அத்தகைய கிராமச் சபையொன்றில் அங்கத்தவராக இருந்தார். ‘வீ.சீ. மெம்பர்’ என்றால்தான் அவரை ஊருக்குத் தெரியும். சபைக்குச் சொந்தமாக ஒரு சுதேச வைத்தியசாலை இருந்தது. அங்குள்ள பரிசாரியார் கொடுக்கும் கசாயம் வெறும் தண்ணீராக இருப்பதாகப் பெண்கள் மூத்தவாப்பாவிடம் முறையிட்டிருக்கின்றார்கள். அவர் அதைக் கூட்டத்தில் கிளப்ப, பரிசாரியார் அடுத்த கூட்டத்துக்கு அழைக்கப்பட்டார். வந்தவர் ஒரு கணக்குக் கொப்பியை மேசையில் வைத்து, சரக்குக் கடைக்குச் சபை செலுத்த வேண்டிய பணம் ஐந்து மாதமாகச் செலுத்தப்படவில்லை என்று காட்டிவிட்டுப் போய்விட்டார். அக்கிராசனர் வாயே திறக்கவில்லையாம். மூத்தவாப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார். அடுத்த மாதம் கசாயம் தடித்ததாம்.

அந்தச் சபைகளைப் பொற்காலமாக்கும் எண்ணம் எனக்கில்லை. குடிக்குக் குடி போட்டி, வட்டாரத்துக்கு வட்டாரம் பகை, எதிர்த்து வாக்களித்தவன் வீட்டுப் பக்கம் றோட்டுப் போடாமை என்பனவும் அங்கிருந்தன. ஆயினும் வைத்தியரை ஊரவர் முன் நிறுத்திக் கேள்வி கேட்கவும், அவர் திருப்பிக் கேட்கவும் ஒரு மேசை இருந்தது.

அந்த மேசையிலிருந்து சுகாதாரம் நழுவத் தொடங்கியதோ அதற்கு முன்னரே. 1926இல் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. ஒரு வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழ் பரிசோதகர்கள், தாதிமார், வீடுவீடாகச் செல்லும் மருத்துவிச்சிமார் என்ற அமைப்பு அங்கிருந்துதான் நாடெங்கும் பரவியது. சுமார் 80,000 உயிர்களைக் காவுகொண்ட 1934 - 35 மலேரியாக் கொள்ளைநோயின் பின்னர் அதன் வேகம் கூடியது. ஆனால் அந்த உத்தியோகத்தர்கள் திணைக்களத்தின் ஆட்கள். கிராமக் கமிட்டியின் ஆட்களல்லர்.

இதற்கிடையே 1931இல் டொனமூர் யாப்பு வந்தது. அரசாங்க சபை ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்தது. இலண்டன் நகரவாட்சியின் குழுமுறையைப் பார்த்து அமைக்கப்பட்ட ஏற்பாடு அது. அந்த ஏழில் சுகாதாரம் ஒன்று, உள்ளூராட்சி மற்றொன்று. இரண்டுக்கும் வெவ்வேறு மந்திரிமார். எங்கள் பாடசாலைக் கானுக்கும் அதிலிருந்த குடம்பிக்கும் நடுவே விழுந்த கோட்டை நான் அந்த ஆண்டில்தான் காண்கின்றேன்.

திணைக்களம் சாதித்ததை மறைப்பது நன்றிகெட்ட செயலாகும். முப்பதுகளில் இந்நாட்டில் ஆயிரம் பிரசவங்களுக்கு இருபதுக்கு மேற்பட்ட தாய்மார் மரணித்தனர். இன்று ஓர் இலட்சத்துக்கு முப்பது, நாற்பது என்ற அளவிலேயே அது உள்ளது. இதில் குடும்பநல உத்தியோகத்தர்களான அந்த மருத்துவிச்சிமாரின் பங்கு மிகப் பெரிது. எனது உம்மாவின் ஐந்து பிரசவங்களுக்கும் சைக்கிளில் வந்தவர் ஒரே மருத்துவிச்சிதான். அவரை யாரும் மேற்பார்வை செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் ஓய்வுபெற்ற பின்னர் அவ்விடம் ஆள் நியமிக்கப்படாமல் கிடந்த காலத்தில், யாரிடம் போய்க் கேட்பது என்பதுதான் ஊரில் எவருக்கும் தெரியாதிருந்தது. கொழும்பு மாநகர சபைக்கு இன்றும் சொந்தமாகச் சுகாதாரத் திணைக்களமும் வைத்தியர்களும் மருந்தகங்களும் உள்ளன. அங்குள்ள அங்கத்தவர் தமது சபை சம்பளம் கொடுக்கும் அதிகாரியிடம் கேள்வி கேட்கலாம். கிராமத்தவனுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.

ஏழைகள் பராமரிப்பின் கதையும் இதுவே. 1939ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் வறியோருக்கு உதவுவதை உள்ளூராட்சி மன்றங்களின் கடமையாக்கியது. ஆயினும் கொழும்பு, கண்டி, காலி என்ற மூன்று மாநகரங்களிலேயே அது நடைமுறைக்கு வந்தது. ஏனைய இடங்களில் அரசாங்கமே அப்பொறுப்பை வைத்துக்கொண்டது. எங்கள் பக்கத்தில் அந்த உதவிக்குப் ‘பிச்சைச் சம்பளம்’ என்று பெயர். சட்டத்தில் அதற்கு நல்ல பெயர்தான் இருந்தது. வாங்கியவர்களுக்கு அது போய்ச் சேரவில்லை. யாருக்குக் கொடுப்பது என்பதை விதானையார் சிபாரிசு செய்வார், மேலே காரியாதிகாரி முடிவு செய்வார். வீ.சீ. மெம்பர்மாரின் மேசைக்கு அது வந்ததேயில்லை. இன்றும் 2023இல் தொடங்கிய அஸ்வெசும வரை இந்தப் பாதை பிரதேச செயலகத்தின் வழியாகவே போகின்றது. பிரதேச செயலகம் வேறு, பிரதேச சபை வேறு என்பதை உயர்தர மாணவருக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு பாடவேளை போதுவதில்லை.

1981இல் அபிவிருத்திச் சபைகள் வந்தபோது கிராமச் சபைகளும் பட்டின சபைகளும் ஒழிக்கப்பட்டன. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் பிரதேச சபைகளை உருவாக்கியது. மற்றைய பகுதிகளில் 1991இல் முதற்தேர்தல் நடந்தபோதும், யுத்தத்தின் காரணமாகக் கிழக்குக்கு அது 1994இல்தான் வந்தது. ஆக, எனது பள்ளிப் பருவத்தின் பெரும்பகுதி ஊரில் தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லாமல் கழிந்தது. அதே 1987இல் வந்த பதின்மூன்றாவது திருத்தம் சுகாதாரத்தையும் சமூக சேவையையும் மாகாணத்துக்குக் கொடுத்தது. பிரதேச சபைச் சட்டமோ தனது ஆரம்பத்திலேயே பொதுச் சுகாதாரம் பற்றிய எல்லா விடயங்களையும் ஒழுங்குபடுத்திக் கட்டுப்படுத்தி நிருவகிக்கும் பொறுப்பு சபைக்குரியது என்கின்றது. பொறுப்பு ஒருவரிடம், வைத்திய அதிகாரியும் பரிசோதகரும் மருத்துவிச்சியும் இன்னொருவரிடம்.

இந்த ஏற்பாட்டின் விலை என்ன என்பதை நமது சமூகம் 2020இல் கண்டது. 1897ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2020 ஏப்ரல் 11இல் வெளிவந்த வர்த்தமானி, கொரோனாவால் மரணித்த எவரையும் எரிக்க வேண்டும் என்றது. உலக சுகாதார நிறுவனம் அடக்குவதையும் அனுமதித்திருந்தது. பொது மயானங்கள் உள்ளூராட்சி மன்றங்களின் பொறுப்பு. மையவாடிகள் நமது பள்ளிவாசல்களின் பொறுப்பு. ஆயினும் நிலத்தடி நீர் பற்றிச் சொல்லப்பட்ட காரணத்தைச் சோதித்துப் பார்க்கவோ, மறுத்துரைக்கவோ எந்தப் பிரதேச சபைக்கும் அதிகாரமிருக்கவில்லை. இருபது நாட் குழந்தையொன்றும் எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி 25இல்தான் அந்த விதி தளர்த்தப்பட்டது. முதலில் இரணைதீவைக் காட்டினார்கள். தம்மைக் கேளாமலே எடுத்த முடிவு என்று அத்தீவு மக்கள் எதிர்த்தார்கள். அவர்களது கோபத்தில் நியாயமிருந்தது. பின்னர் ஓட்டமாவடி, மஜ்மா நகர்.

மார்ச் 5ஆந் திகதி முதல் ஓராண்டு காலம் நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் ஜனாஸாக்கள் அங்கு வந்தன. கோறளைப்பற்று மேற்குப் பிரதேச சபை குழி தோண்டியது, பாதை திருத்தியது, பதிவு வைத்தது. 3,600க்கும் மேற்பட்டோர் அங்கு அடங்கியிருக்கின்றார்கள். அவர்களுள் பிற மதத்தவரும் உளர். தீர்மானிக்கும்போது எவரும் ஞாபகப்படுத்திக்கொள்ளாத ஓர் உள்ளூராட்சி மன்றம், தீர்மானம் தவறென்று உணரப்பட்ட பின்னர் அதன் சுமையைத் தூக்கியது. அரசாங்கத்தின் மன்னிப்பு 2024 ஜூலையில் வந்தது. எங்கள் ஊர் வரலாறுகளில் அந்தச் சபையின் ஊழியர்களுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்கப்பட வேண்டும் என்பது எனது கருத்து.

2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் பிற்போடப்பட்டது. அது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 மே 6இல் வாக்களித்தோம். இடைப்பட்ட இரண்டு வருடத்துக்கு மேலாகச் செயலாளர் ஒருவரே சபை.

புதிய சபை கூடிய பின்னர் நான் ஒரு காரியம் செய்தேன். பிரதேச சபைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு குழுக்களைப் பற்றியது. சுற்றாடலும் வசதிகளும் பற்றிய குழு அவற்றுள் ஒன்று. அங்கத்தவரல்லாத ஊர்வாசிகளையும் இக்குழுக்களில் சேர்த்துக்கொள்ள அப்பிரிவு இடமளிக்கின்றது. கான், மருத்துவிச்சி, கிளினிக் நாட்கள் ஆகியவற்றைப் பேச அக்குழுவில் என்னையும், ஓய்வுபெற்ற தாதியொருவரையும் சேர்க்குமாறு விண்ணப்பம் எழுதிக்கொண்டு போனேன். சட்டத்தின் அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி எடுத்து இணைத்திருந்தேன்.

விண்ணப்பத்தை வாங்கிய இளைஞர் எனது பழைய மாணவர். திகதி முத்திரை குத்தினார். பிறகு இணைப்பைப் புரட்டி வாசித்துவிட்டு, “இப்பிடியொண்டு இரிக்கிற எங்களுக்கே தெரியாதே சேர்” என்றார். எழுந்து போய்த் தனக்கென்று இன்னுமொரு கொப்பி எடுத்துக்கொண்டு வந்தார்.