கரையும் கணக்கும்

பிளாரிடாவின் ஓகீச்சோபி ஏரி பரப்பில் பெரியது, ஆழம் குறைவு. இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் தென்கரைச் சதுப்பை வடித்து நிலமாக்கினார்கள். கரிய மண்ணில் பீன்ஸும் கரும்பும் விளைந்தன. ஏரி வழியாதிருக்கச் சில அடி உயரத்தில் மண்கரை எழுப்பப்பட்டது. வழக்கமான மழைக்கு அது தாங்கும். புயலுக்குத் தாங்காது என்பது 1926 செப்டம்பரிலேயே நிரூபணமாயிற்று. அன்று கரை உடைந்து மூர் ஹேவன் என்ற சிற்றூர் மூழ்கியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அதன்பிறகும் கரை ஏறக்குறைய அப்படியே நின்றது. ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

1928 செப்டம்பர் 16 இரவு, வடக்கிலிருந்து வீசிய காற்று ஏரி நீரைத் தெற்கே தள்ளியது. பெல் கிலேடும் அதன் சுற்றுப்புறமும் நீருக்குள் போயின. இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினக் கூலிகள். பஹாமாஸிலிருந்து அறுவடைக்கு வந்தவர்களும் அவர்களில் உண்டு. புயல் இயற்கையின் காரியம். கரைக்குக் கீழே யார் தூங்குவது என்பதை நிர்ணயித்தது நில உடைமையும் கூலியும்.

சாவிலும் இந்த ஏற்பாடு கலையவில்லை. வெஸ்ட் பாம் பீச்சில் வெள்ளையர் 69 பேர் வுட்லான் மயானத்தில் அடக்கமாயினர். சவப்பெட்டிகள் அவர்களுக்கே கிடைத்தன. கறுப்பர் 674 பேர் ஏழைகளின் மயானத்தில் ஒரே குழிக்குள் போனார்கள். அந்த இடத்தில் பல பத்தாண்டுகள் ஒரு கல்கூட இல்லை. 1,836 என்று நெடுங்காலம் சொல்லப்பட்ட சாவு எண்ணிக்கை, குறைந்தது 2,500 என்று 2003இல்தான் திருத்தப்பட்டது.

சரித்திரம் இப்படிப் பிந்தி வந்த விஷயத்தை ஸோரா நீல் ஹர்ஸ்டன் 1937லேயே நாவலில் வைத்துவிட்டார். அதில் செமினோல் பூர்வகுடிகள் புயலுக்கு முன்பே மேட்டுக்குக் கிளம்புகிறார்கள். முதலாளிகள் இருக்கும்போது நமக்கென்ன என்று கூலிகள் தங்கிவிடுகிறார்கள். பிறகு பிணங்களைத் தோல் நிறம் பார்த்துப் பிரிக்கும் வேலை அவர்கள் தலையிலேயே விழுகிறது. இந்த நாவலில் விஷயமும் இல்லை, செய்தியும் இல்லை என்று அதே வருஷம் ரிச்சர்ட் ரைட் ஒதுக்கினார். கோஷத்தை எதிர்பார்த்த கண்ணுக்குச் சவப்பெட்டி தென்படவில்லை என்றே கொள்ள வேண்டும்.

1930களில் அரசு புதிய கரையைக் கட்டத் தொடங்கியது. இன்று அது 143 மைல் நீளத்துக்கு ஏரியைச் சுற்றி நிற்கிறது. 2023இல் அதன் பெரும் பழுதுபார்ப்பு முடிந்தது. கரையின் உயரத்தைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதன் கீழே யார் குடியிருக்கிறார்கள் என்பது இன்னொரு கணக்கு. அதை எழுதும் பொறுப்பிலிருந்து இலக்கியம் விலக முடியாது.