பணிசெயல் முறைமையும் வலையமைப்பும்

கணினியின் வன்பொருளிடம் வேலை வாங்கும் அடிப்படை மென்பொருளே பணிசெயல் முறைமை. இது இலங்கைப் பாடநூல்களின் சொல்; தமிழ்நாட்டில் இயக்க முறைமை, இயங்குதளம் என்பர். நினைவகத்தைப் பங்கிடுதல், கோப்புகளைப் பேணுதல், அச்சுப்பொறி போன்ற கருவிகளை இயக்குதல் இதன் பொறுப்பு. விண்டோஸும் லினக்ஸும் பரவலானவை.

தமிழில் எழுதுவோர் இதன் அருமையை விசைப்பலகையில் உணரலாம். விசைப்பலகை அனுப்புவது அழுத்திய விசைக்குரிய எண்ணை மட்டுமே. அதை எழுத்தாக்குவது முறைமையில் நிறுவிய தளக்கோலம். ஒருங்குறி (யூனிகோடு) பரவுமுன் யாழ்ப்பாணத்தில் பெரிதும் புழங்கிய பாமினி எழுத்துரு இம்முறையில் இயங்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்துவைத்த எழுத்துரு அது. பாமினி இல்லாத கணினியில் திறந்தால், ‘அம்மா’ என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும். எத்தனையோ பிரசுரங்களின் மூலக்கோப்புகள் இன்றும் அந்த நிலையில்தான் கிடக்கின்றன; அவற்றை ஒருங்குறிக்கு மாற்றுவது அவசரமான பணி.

இதுவரை ஒரு கணினியைப் பார்த்தோம்; பல கணினிகள் இணைவதே வலையமைப்பு. பாடசாலை ஆய்வுகூடக் கணினிகளை வடங்களால் ஓர் ஆளியுடன் (சுவிட்ச்) இணைத்தால் இடத்துரி வலையமைப்பு (LAN) உருவாகும். ஒவ்வொன்றுக்கும் 192.168.1.10 போன்ற தனி முகவரி வேண்டும். இணையம் இல்லாமலே கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பகிரலாம்.

இணையத்துடனும் இணைந்தால் பயன் இன்னும் பெரிது; அரிய நூல்களையும் பலரும் வாசிக்கலாம். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. பலவற்றுக்கு வேறு படி இருக்கவில்லை. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் வருடி இணையத்தில் இலவசமாக வாசிக்கத் தருகிறது.